நாற்பத்தொரு வீட்டுப் பூனைகள்

எங்கள் வனத்துறை அலுவலகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். பாலைவனத்தில் வைத்திருக்கும் தானியங்கிக் கேமராக்கள் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து, இது நரி, இது முள்ளெலி, இது வழிதவறிய ஆடு என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. வால் நுனி தெரிந்தால் போதும், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுவார்.

கடைசி இரண்டு வருடமாக அவருக்குக் கண் சரியில்லை. ஜீப் ஓட்டும் எனக்கு இது தெரியும். டம்ளர் எங்கே இருக்கிறதென்று மேசையில் கை துழாவுவதைத் தினமும் பார்த்தேன்.

"டாக்டர்கிட்ட போலாமாண்ணே?" என்றால், "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. என் கண்ணை நான் பாத்துக்கறேன்" என்று வாயை அடைத்துவிடுவார். ஓய்வு பெற எட்டு மாதம்தானே என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் கோழைத்தனம்.

அப்போதுதான் வடக்கு மணல்மேட்டில் குவாரிக்கு அனுமதி கேட்டார்கள். அங்கே மணல் பூனை இருந்தால் அனுமதி கிடையாது, அது அழிந்துவரும் காட்டுப் பூனை. வீட்டுப் பூனை என்றால் தடையில்லை. மணல் பூனைக்குக் காது அகலமாகப் பக்கவாட்டில் தாழ்ந்திருக்கும், முன்னங்காலில் கறுப்புப் பட்டை ஓடும். கண் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். அண்ணன் மூக்கு இடிக்க ஒட்டிப் பார்த்து, அங்கே பூனை விழுந்த நாற்பத்தொரு படத்துக்கும் 'வீட்டுப் பூனை' என்றே எழுதினார். அனுமதி கிடைத்தது.

வேலை தொடங்கிய நான்காம் நாள், குவாரி லாரிக்காரர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தார். "சக்கரத்துல மாட்டிக்கிச்சு சார்."

செத்த பூனை. அண்ணன் குனிந்து பார்க்கவில்லை. அதன் உள்ளங்காலைத் தடவினார். சுடுமணலில் நடக்கிற பூனைக்குத்தான் பாதத்தடியில் மெத்தை மாதிரி முடி இருக்கும். விரல் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு வயிற்றைத் தடவினார்.

"பால் கட்டியிருக்குடா. எங்கயோ குட்டி இருக்கு."

எங்கள் அதிகாரி எழுந்து வந்தார். "இதையும் வீட்டுப் பூனைன்னே எழுதிடுங்க. அத்தனையும் உங்க கையெழுத்து. எதுக்குச் சொந்தச் செலவுல சூனியம் வச்சிக்கறீங்க?"

"எனக்குக் கண்ணு தெரியலை சார். ரெண்டு வருஷமாச்சு."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

"வேலை போயிடும், யோசிச்சுப் பேசுங்க."

"போகட்டும் சார்." என் பக்கம் திரும்பினார். "வண்டியை எடு. செத்தது எங்கிருந்தோ வந்ததும்பாங்க. ஒரு குட்டி உயிரோட கிடைச்சாக்கூடப் போதும், குவாரியை நிறுத்திடலாம்."

பதிவேட்டையும் எடுத்துக்கொண்டார்.

மணல்மேட்டில் பாதி ஏற்கெனவே இல்லை. லாரித் தடத்தை ஒட்டிய புதரடியில் ஒரு வளை இடிந்து கிடந்தது. நான் மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். அண்ணன் பின்னால் நின்றார்.

"இருக்கா?"

மணலுக்குள் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"என் கையில குடு."

ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். எதற்கும் மூச்சில்லை. கட்டைவிரலால் அந்தச் சின்னப் பாதங்களைத் தடவிப் பார்த்தார். கடைசிக் குட்டியை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"எழுதிக்க. மணல் பூனை. நாலு."

எழுதினேன். எங்கே கையெழுத்து போடணும் என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.