மிச்சமிருந்த பதினோரு பேர்

என் சித்தப்பாவைப் போல அதிர்ஷ்டம் கெட்ட மனிதர் சாந்தோமிலேயே கிடையாது என்று பத்து வயதில் நான் திடமாக நம்பினேன். அப்பாவின் தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்களோடுதான் இருந்தார். எங்கள் மாதா கோயில் இளைஞர்களின் ஃபுட்பால் லீகை நடத்தியது அவர்தான். எட்டுத் தெரு, எட்டு டீம். லீக் முடிந்ததும் எட்டிலிருந்தும் பொறுக்கியெடுத்த பதினோரு பேர், ‘ஆல் ஸ்டார்’ என்று பெயர் வைத்துக்கொண்டு வெளி டீம் ஒன்றோடு மோதுவார்கள். அதற்குக் கூடும் கூட்டம் தேர் அன்றைக்குக்கூட வராது.

அந்த வருடம் அந்த மேட்சைப் பார்க்கப் பெரிய கிளப் ஒன்றின் கோச் வருவதாக இருந்தது. அவருக்கு ஒரு கோல்கீப்பர் வேண்டுமாம். என் அண்ணன் கோல்கீப்பர். பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டவன். கிளப் எடுத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து ஆதம்பாக்கத்தில் மாமாவின் ஏ.சி. மெக்கானிக் கடை என்று அப்பா கெடு வைத்திருந்தார். அண்ணன் அளவுக்குப் பந்து பிடிக்க லீகில் ஆளே இல்லை. எதிர்த் தெருக்காரர்களே சொல்வார்கள்.

ஆனால் ஆல் ஸ்டார் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பட்டியல் எழுதியது சாட்சாத் சித்தப்பா!

விஷயம் இதுதான். முந்தின வருடம் அண்ணனைச் சேர்த்தபோது, “பேனா சித்தப்பன் கையில, அப்புறம் இன்னா” என்று பின்தெருவில் ஒருவன் சொல்லப்போக, சட்டைக் காலரைப் பிடிக்கும்வரை போய்விட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது சித்தப்பாவுக்கு. கமிட்டியில் இருப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு இனி ஆல் ஸ்டாரில் இடம் கிடையாது என்று அவரே சட்டம் எழுதி, ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் முன்னால் வாசித்தும் காட்டிவிட்டார். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

“கமிட்டிய விட்டு வெலகிடுங்க தம்பி” என்றாள் அம்மா.

“இப்ப வெலகினா, இதுக்குத்தான் வெலகினான்னு சொல்வாங்க அண்ணி.”

ஒரு வாரம் அம்மா அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை ‘ணங்’கென்றுதான் வைத்தாள். அண்ணன் கிளவுஸைத் துவைத்துக் காயப்போட்டான். எனக்கு அதைப் பார்க்கத்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சித்தப்பா தொங்கிய முகத்தோடு வந்தார். எதிர்த்து ஆட வேண்டிய பேங்க் டீம் வரவில்லையாம், ஏதோ இன்ஸ்பெக்‌ஷனாம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், வேறு டீம் தேடப் புறப்பட்ட அவர் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன். பின்னே, ஸ்கூட்டரின் மேல் எனக்கென்ன கோபம்?

முதலில் தியாகராய நகர். ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடைப் பையன்கள் ஒரு டீம் வைத்திருந்தார்கள். சேலை மடித்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான்: “ஆடித் தள்ளுபடி ஓடுது அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம மூச்சு விட நேரம் இருக்காது.”

அங்கிருந்து பெசன்ட் நகர். ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பையன்கள் கடற்கரையில் வெறுங்காலோடு ஆடுவார்கள். படகில் சாய்ந்திருந்த அவர்கள் கேப்டன் சிரித்தே விட்டான். “இன்னாண்ணா, மெய்யாலுமே மெட்ராஸ்லதான் கீறியா? ஆடி ஞாயித்துக்கெழம அம்மனுக்குக் கூழு ஊத்திக்கினு இருப்போம். எவன் பந்தாட வருவான்?”

சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த ஊரிலேயே பிறந்து நாற்பது வயது ஆன மனிதருக்கு ஆடி மாதம் தெரியாதா என்று எனக்குத் தோன்றவில்லை. பாவம், போகிற இடமெல்லாம் சனி கூடவே வருகிறது என்றுதான் தோன்றியது. இரக்கத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

“நீங்க சேக்காம விட்டீங்களே, அவங்கள்லாம் சும்மாதான இருக்காங்க? அவங்களோட ஆட வேண்டியதுதான!” என்று கத்தினேன்.

சித்தப்பா திரும்பி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “அடி என் தங்கமே! இது எனக்குத் தோணலியே!”

எனக்கு ரோஸ்மில்க் கிடைத்தது. ராத்திரிக்குள் ஃபாதர் முதல் பால்காரர் வரை எல்லோரிடமும், “யோசனை அண்ணன் மகளோடது” என்று சொல்லிவிட்டார். அந்தப் பதினோரு பேரைத் தான் எழுத மாட்டேன், எட்டுத் தெரு கேப்டன்களும் சேர்ந்து எழுதட்டும் என்றார். அவர்கள் எழுதிய முதல் பெயர் அண்ணனுடையது. பின்தெருக்காரனும் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கூட்டமே பெயர் வைத்தது: மிச்சம் லெவன். ஆட்டம் முழுக்கப் பந்து எங்கள் கோலைச் சுற்றியே கிடந்தது. பாயாத பக்கமில்லை அண்ணன். முட்டி, முழங்கை, மூக்கு எல்லாம் மண். எதிரே வருகிறவர்கள் எட்டுத் தெருவின் சூரர்கள், என்ன செய்வான்? கடைசியில் ரெண்டு கோல் வாங்கித் தோற்றோம். தேம்பித் தேம்பி அழுதேன். கோச் அண்ணனைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை வைத்துப் பேசினார். ரெண்டு கோல் விட்டதற்குத் திட்டுகிறார் என்று நினைத்து இன்னும் அழுதேன். சித்தப்பா மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். தோற்றவனைப் பார்த்துச் சிரிக்கிற மனிதரும் உண்டா என்று ஆத்திரமாக வந்தது.

அண்ணன் ஆதம்பாக்கம் போகவில்லை. கிளப்புக்குப் போனான், அப்புறம் ரயில்வேக்கு. யோசனை என்னுடையது என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு வளர்ந்தேன்.

அண்ணனின் கல்யாண ரிசப்ஷனில்தான் அந்தப் பழைய பேங்க் டீமின் கேப்டனைப் பார்த்தேன். “நாங்க ரெடியாத்தான் இருந்தோம்மா. உங்க சித்தப்பாதான் போன் பண்ணி, கிரவுண்டு கெடைக்கல, அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு” என்றார். கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகியதுகூடத் தெரியாமல் நின்றேன். ஜெயிக்கிற டீமில் கோல்கீப்பருக்கு என்ன வேலை? பந்து வந்தால்தானே பிடிக்க முடியும், பிடித்தால்தானே கோச் பார்க்க முடியும்!

நேரே போய்ச் சித்தப்பாவிடம் கேட்டேன். “அந்தாளுக்கு மறதி. ஐடியா உன்னுதுதான், ஃபாதரக் கேளு” என்றார். இன்றைக்கும் அதே பதில்தான். வீட்டுப் பிள்ளைக்காகச் செய்தார் என்று நான்கூடச் சொல்லிவிடக் கூடாது அவருக்கு.

அன்று மைதானத்திலிருந்து வீடு வரைக்கும், “தோக்க வெச்சிட்டீங்களே, தோக்க வெச்சிட்டீங்களே” என்று அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தேன். வாங்கிக்கொண்டே வண்டியை ஓட்டினார்.