மாமாவுக்கு நான் அடித்த இரண்டு ஃப்ளெக்ஸ்

பெரிய மாமாவின் சாவுக்கு இரண்டு ஃப்ளெக்ஸ் அடித்தவள் நான். முதலாவதை அடித்தபோது அவர் உயிரோடு இருந்தார். என் போனில் டிசைனைப் பார்த்து, "மொகத்த கொஞ்சம் வெளுப்பிச்சிரு மக்கா" என்று திருத்தமும் சொன்னார். அந்த டிசைன் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க வேண்டியதை அழிக்காமல், அழிக்கக் கூடாததை அழித்தவள் நான். இதை எழுதும்போதுகூட என்மேல் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லையில், எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சந்திப்பில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். மேலே மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்', நடுவில் சிரித்த முகம், அதற்குக் கீழே அடக்கம் எத்தனை மணிக்கு, துக்கப்படுவோர் யார் யார். பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ரீத், அதாவது மலர்வளையம், வாங்கப் போவார். வீட்டுக்குப் போன் செய்து உண்மையா என்று கேட்பது மரியாதைக்குறைவு. ஃப்ளெக்ஸில் வந்துவிட்டால் செத்தது செத்ததுதான்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்தபோது குறும்படப் போட்டி ஒன்று வந்தது. நாங்கள் நாலு பேர். கதையும் இயக்கமும் என் வகுப்புப் பையன் ஒருவன். கேமராவும் எடிட்டிங்கும் நான். கேமரா என்றால் என் போன்தான். கதை இது: ஒரு கிழவர் சாகிறார், ஊர் முழுக்க வாட்ஸப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்புகிறது, வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அவ்வளவுதான். எங்களுக்கு அது உலகமகா தத்துவமாகத் தெரிந்தது.

திட்டமிடுவதில் மட்டும் குறை வைக்கவில்லை. திரைக்கதையை நாலு பேரும் ஒரே நேரத்தில் திருத்தும்படி இணையத்தில் ஏற்றி வைத்தோம். எந்த ஷாட், எந்த லென்ஸ், யார் எங்கே நிற்பது என்று கட்டம்கட்டமாக ஒரு பட்டியல். சூரியன் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்று காட்ட ஓர் ஆப். ஷாட்டுகளை முன்கூட்டியே வரைந்து தரச் சொல்லி ஏஐயிடம் கேட்டோம். 'கிராமத்தில் சாவு வீடு' என்றதும் அது கோட்டும் சூட்டும் போட்ட வெள்ளைக்காரர்களை மழையில் கறுப்புக் குடை பிடித்து நிற்க வைத்தது. சிரித்தோம். அந்தப் படத்திலிருந்த கோணங்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் செய்தோம்.

பிணமாக நடிக்க ஆள் தேவை. பெரிய மாமா அம்மாவின் மூத்த அண்ணன்; ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். மாமி இறந்து நாளாகிறது, ஒரே மகளைப் பாலராமபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருடாவருடம் ஏரோது ராஜா அவர்தான். விஷயத்தைச் சொன்னதும், "வசனம் எத்தற உண்டு?" என்று கேட்டார். பிணத்துக்கு வசனம் இல்லை என்றதும் முகம் வாடியது. பிறகு சமாளித்துக்கொண்டு, "சாரமில்ல, போவட்டும், சாவுறதுதான் கஷ்டமாக்கும்" என்றார்.

ஃப்ளெக்ஸில் ஏதாவது கற்பனைப் பெயர் போடலாம் என்றேன். கேட்கவில்லை. "எனக்க பேரே கெடக்கட்டும். செத்த பொறவு எப்பிடி இருக்கும்னு நானும் ஒண்ணு பாக்கணும்." அவர் பெயர், அவர் படம், அவர் வீட்டு விலாசம் எல்லாம் போட்டேன். துக்கப்படுவோர் வரிசையில் மகள், மருமகன், தங்கை என்று அடித்துக்கொண்டு வந்தபோது மாமா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி பேரையும் போடு."

நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி என்றால் சின்ன மாமா. பனச்சமூட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் வீடு. பெரிய மாமா மகளின் கல்யாணக் கார்டில் சின்ன மாமாவின் பெயர் விட்டுப்போனது. அச்சகத்தின் பிழை என்றார் பெரிய மாமா. வேண்டுமென்றே விட்டது என்றார் சின்ன மாமா. அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருடமாக அம்மா இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகக் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"நெசமாவா மாமா?"

"போடு மக்கா. இதுலயாவது விட்டுப்போவாண்டாம்."

அந்த வரி பிடித்திருந்ததால் இயக்குநரிடம் சொன்னேன். அவனும் படத்தில் சேர்க்கலாம் என்றான். எங்கள் புத்தி அவ்வளவுதான் போனது.

பாறசாலையில் பிரிண்ட் எடுத்து, காலை ஆறரைக்குப் பனச்சமூடு சந்திப்பில் ஒரு கம்பத்தில் கட்டினோம். ஆப் சொன்னபடி வெளிச்சம் விழுந்தது. பத்து நிமிடத்தில் ஷாட் முடிந்தது. கழற்றப் போனேன். "சாயந்தரமும் ஒண்ணு எடுக்காம்டீ, அப்பம் வெளிச்சம் அடிபொளியா இருக்கும்" என்றான் இயக்குநர். பட்டியலில் 'ஃப்ளெக்ஸ் கழற்ற வேண்டும்' என்ற கட்டத்தை மாலைக்கு நகர்த்தினேன். கம்பத்தில் பகல் முழுக்க ஒரு மனிதரின் சாவு தொங்கப்போகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மாமா வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் போனை ஃபிளைட் மோடில் போட்டோம். ரெக்கார்டிங் நடுவே அழைப்பு வந்தால் ஷாட் கெட்டுவிடும். அதனால், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஃப்ளெக்ஸைப் படமெடுத்து வார்டு வாட்ஸப் குழுவில் போட்டதும், அங்கிருந்து அது சபைக் குழுவுக்குப் போனதும், அம்மா எனக்குத் திரும்பத் திரும்ப அழைத்ததும் எங்களுக்குத் தெரியவில்லை.

முன்னறையில் கட்டில் போட்டு மாமாவைப் படுக்க வைத்தோம். ஞாயிறுக்கு மட்டும் எடுக்கும் பாலராமபுரம் வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றித் துணி. முகத்துக்குப் பவுடர் நானே பூசினேன். போனை ஸ்டாண்டில் வைத்து ரெக்கார்ட் அழுத்தினேன். அப்போது முற்றத்தில் ஸ்கூட்டர் சரியும் சத்தம் கேட்டது.

சின்ன மாமா ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தார். எங்களை ஒருவரையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலின் கால்மாட்டில் விழுந்து அண்ணனின் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே... எழும்பு அண்ணே. கார்டுல போடாட்டி போவட்டும், எனக்கு வேண்டாம். நீ எழும்பு."

நான் வாயைத் திறந்தேன். இயக்குநர் உதட்டில் விரலை வைத்து, ஓடட்டும் என்று கையைச் சுழற்றினான். நான் வாயை மூடினேன். மூடியதோடு நிற்கவில்லை, போனைக் கால்மாட்டுப் பக்கம் மெதுவாகத் திருப்பினேன். பெரிய மாமாவும் எழும்பவில்லை. தம்பி பேசுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். எடிட்டிங்கில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்: நாற்பத்தொரு வினாடி. அதன் முடிவில் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண்ணைத் திறந்து, பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தம்பியின் கையை எட்டிப் பிடித்தார்.

"எலே... அழாதலே. நான் இருக்கேன்."

சின்ன மாமா பின்னால் சாய்ந்தார். பயந்தார். அப்புறம் அண்ணனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், கையில் பவுடர் ஒட்டியது. சிரித்தார். அழுகையோடு, மூக்கு ஒழுக, சத்தமாகச் சிரித்தார். "உயிரு உண்டா... உயிரு உண்டா..." என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணனும் சிரித்தார். பதினோரு வருடப் பகை அந்த இடத்தில் முடிந்திருந்தது. நாங்கள் அந்த நேரம் வெளியே போயிருந்தால் போதும்.

நான் சொன்னேன்: "சின்ன மாமா, காலப் பிடிச்சப்போ ஃபோகஸ் போச்சு. அத மட்டும் இன்னொருக்க செய்யியளா?"

நான்தான் சொன்னேன். இயக்குநரில்லை, நான். என் கண் போன் திரையில்தான் இருந்தது.

சின்ன மாமா அப்போதுதான் போனைப் பார்த்தார். சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டார்.

"எனக்க அழுகைய பிடிக்கியளா?"

"எலே, அதில்ல, பிள்ளைய படம்..." என்று பெரிய மாமா எழுந்தார். தாடையில் கட்டிய துணி பாதி அவிழ்ந்து தொங்கியது. அந்தக் கோலத்தில் முற்றம்வரை தம்பி பின்னால் போனார். ஸ்கூட்டர் போய்விட்டது. எதிரே சபைப் பெண்கள் இருவர் ரீத்தோடு வந்தார்கள், அவரைப் பார்த்து அலறினார்கள். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்த எழுத்தே பொய்யாகிவிடும்.

சின்ன மாமா எங்கள் எல்லோருடைய எண்ணையும் பிளாக் செய்தார். பெரிய மாமா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "அவன் அழுதத படத்துல போடாத மக்கா. அவனுக்க கோவம் அடங்கின பொறவு நான் போயி பேசணும்." சரி என்றேன். சத்தியமாகச் சரி என்று சொன்னேன்.

எடிட் செய்து பார்த்தால், அந்த நாற்பத்தொரு வினாடி இல்லாமல் படம் சக்கையாக இருந்தது. இயக்குநர் கதையை மாற்றினான்: யாருமே வராத சாவுக்கு ஒருவர் மட்டும் வருகிறார், தாமதமாக. அப்படியானால் பிணம் கண்ணைத் திறக்கக் கூடாது. கண் திறக்கும் இடத்தில் வெட்டி, திரையைக் கறுப்பாக்கி, வயலினை ஏற்றினேன். பின்னால் கேட்ட கோழிச் சத்தத்தை ஏஐ துடைத்துக் கொடுத்தது. அழுகை பளிச்சென்று கேட்டது. கடைசியில் ஃபைலை ஏற்றுமதி செய்ய போனில் இடமில்லை என்று வந்தது. பயன்படுத்தாத ஷாட்டுகளையும் வெட்டி ஒதுக்கிய துண்டுகளையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. அழுத ஆளின் இயல்பான நடிப்பை நடுவர்கள் தனியாகப் பாராட்டினார்கள், ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சீ என்றிருக்கிறது இப்போது. அன்று கைதட்டினேன். படம் இணையத்தில் ஏறியது, பார்த்தவர்கள் கண்ணீர்ப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். எங்கள் கதை கிண்டல் செய்த அதே பொம்மைகள். அம்மா அந்தச் சான்றிதழை அடுப்பில் வைத்தாள். பெரிய மாமா என்னைத் திட்டவில்லை. தம்பி வீட்டுக்கு இரண்டு தடவை போனாராம், இரண்டு தடவையும் கதவு திறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் பெரிய மாமா நெஞ்சு அடைத்து இறந்தார். அன்று மாலை நாலு மணிக்கு அடக்கம். "ஃப்ளெக்ஸு நீ பாத்துக்க, உனக்குத்தான் தெரியும்" என்றார்கள். போனைத் திறந்தேன். பழைய டிசைன் அப்படியே இருந்தது. படம், பெயர், விலாசம், துக்கப்படுவோர், எல்லாம். தேதியையும் நேரத்தையும் மட்டும் மாற்றினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பனச்சமூட்டில் அதே கம்பத்தில் கட்டினார்கள்.

பத்து மணிக்குச் சின்ன மாமாவின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"இப்போ எந்தப் படம் மக்கா?"

"மாமா, நெசமா மாமா. பெரிய மாமா செத்துப்போனாரு."

"அன்னைக்கும் நெசம்போலத்தான் இருந்துது" என்றார். வைத்துவிட்டார்.

அம்மா ஆட்டோ அனுப்பினாள். அவர் ஏறவில்லை. கேமரா எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டாராம். நாலு மணிவரை காத்திருந்துவிட்டு அடக்கம் செய்தோம்.

மறுநாள் காலையில் வந்தார். கையில் அன்றைய பேப்பர். இறந்தவர்களின் படம் போடும் பக்கம் வெளியே தெரியும்படி மடித்திருந்தது. பேப்பரை நம்பியிருந்தார். கல்லறையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றார், அழவில்லை. பிறகு என்னிடம் வந்தார்.

"உங்க படம் கையில உண்டா? ஒருக்க போடு."

போட்டேன். அவர் ஓடிவருகிறார், பாதத்தைப் பிடிக்கிறார், அழுகிறார். திரை கறுத்தது. வயலின் வந்தது. கேமரா, எடிட்டிங் என்று என் பெயர் வந்தது.

"பொறவு?"

"இவ்வளவுதான் மாமா."

"அண்ணன் கண்ணு முழிச்சானே. எனக்க கையப் பிடிச்சானே. அத காட்டு."

"அத அழிச்சிட்டேன் மாமா. போன்ல எடம் இல்லாம இருந்துது."

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பேப்பரை இன்னும் சின்னதாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அதுல நான் சிரிச்சேன், இல்லியா?" என்றார்.

"ஆமா மாமா, சிரிச்சிய" என்றேன். அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.