வறுத்த சோள மா

லூப்பே. அவருடைய கணவர் ரமோன். பாத்திரம் கழுவும் நேபாளத்துப் பெண் பிமலா. நான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, லிட்கம்மில் லூப்பேயும் ரமோனும் நடத்துகிற ஒரு சின்ன மெக்சிக்கன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். மேசையில் மூன்று பெரிய தட்டு நிறைய மா. நான்தான் வறுத்து, அரித்து, ஆறப் போட்டிருந்தேன். லூப்பே குனிந்து மணந்து பார்த்தார். ரமோனும் மணந்து பார்த்தார். பிமலா தூரத்தில் நின்றே மூக்கைச் சுருக்கினார். பாராட்டத்தான் சொல் தேடுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மெக்சிக்கோக்காரருக்குச் சோள மாதான் எல்லாம். அதைக் குழைத்து, சின்ன வட்டமாக அமத்தி, எண்ணெய் இல்லாத கல்லில் சுடுவார்கள். தோர்த்தியா என்று பெயர். எங்களுக்குப் புட்டு மாதிரி, இருந்தால்தான் சாப்பாடு. ஆனால் இந்த நாட்டில் மெக்சிக்கன் என்றால் அனேகம் பேருக்குப் பரிட்டோதான். பெரிய கோதுமை ரொட்டிக்குள் சோறு, அவரை, இறைச்சி எல்லாம் போட்டுச் சுருட்டி வெள்ளித்தாளில் சுற்றித் தருவது. ஊருக்கு ஊர் ஒரே பெயரில் கிளை போட்ட கடைகள் அதை விற்கின்றன.

அப்படி ஒரு கடையில், ஸ்ட்ராத்ஃபீல்டில், நான் நாலு வருடம் நின்றவள். எட்டாம் வகுப்புடன் படிப்பு முடிந்தது எனக்கு. அந்தக் கடையில் அது தடையாக இருக்கவில்லை. சுவரில் படம் ஒட்டியிருந்தது. எதற்கு எந்தக் கரண்டி, எத்தனை கரண்டி, எல்லாம் படத்தில் இருந்தது. முதல் நாளே வேலை செய்தேன். அந்தக் கடையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ரொட்டி பெட்டியில் வரும். இறைச்சி பையில் வெந்தபடி வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்கள் விரலைக் காட்டுவார்கள், இந்தப் பக்கம் நாங்கள் போடுவோம். பிழை விடவே முடியாது. ஒருமுறை ஒரு பெடியன் "காரம் கூடப் போடுங்கோ அன்ரி" என்று தமிழில் கேட்டான். போத்தலில் இருந்த காரத்தை எல்லாம் ஊற்றினேன். அப்போதும் அவனுக்குக் காணாது. என்னிடம் வேறு இருக்கவில்லை.

பிறகு கிளையைப் பூட்டப் போகிறோம் என்றார் மனேஜர். இரண்டு மாதம் தந்தார். "உனக்கு வேறு கிளையில் பார்ப்போம்" என்றார். பார்ப்போம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயது. கணவருக்கு முதுகு ஏலாமல் போய் ஒரு வருடம். லிட்கம்மில் ஒரு கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. உள்ளே போனேன். லூப்பே என்னை மேலிருந்து கீழே பார்த்தார். மூன்று சனிக்கிழமை வா, பிறகு சொல்கிறேன் என்றார்.

என்னோடு பரிட்டோக் கடையில் நின்ற மலருக்கு அது பிடிக்கவில்லை. அவளும் எங்கட பக்கத்துப் பிள்ளை.

"என்னக்கா, உங்களுக்கு விசரே? மா குழைக்கிறதுக்கோ கடல் கடந்து வந்தனீங்கள்?"

"ஓம். எனக்குத் தெரிஞ்சது அதுதானே."

"அவ ஒரு கிழமையில கலைச்சு விடுவா. பாருங்கோ."

"கலைச்சா வாறன். இப்ப போட்டு வாறன்."

முதல் சனி வெங்காயம் வெட்டினேன். இரண்டாம் சனி தோர்த்தியா அமத்தினேன். ஓரம் வெடித்தது. லூப்பே என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். மூன்றாம் சனிக்கு முன்னம், கடைத் திறப்பைப் பிமலாவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நாங்கள் பத்துக்கு வருவோம். அதற்குள் மாவை ரெடியாக வை."

அவர் நினைத்தது, அளந்து எடுத்து வை என்று. எங்கள் வீடுகளில் மா ரெடி என்றால் அது வறுத்த மா. வறுக்காத மாவைத் தந்தால் வயிற்றுக்குச் செய்த குற்றம். அதுவும் அன்று பையைத் திறந்ததும் சுண்ணாம்பு மணம் வந்தது, வெற்றிலைத் தட்டுப் போல. மா பழுதாகப் பார்க்கிறது என்று பயந்தேன். எட்டு மணிக்குப் பெரிய சட்டியை வைத்தேன். கை விடாமல் கிண்டினேன். கோலம் போட விழுகிற பதம் வந்ததும் இறக்கினேன். பத்துக் கிலோ. கை உளைந்தது. சந்தோசமாக இருந்தது.

மணந்து பார்த்த லூப்பே நிமிர்ந்தார்.

"ஏன் நெருப்பு?"

"பச்சை மணம் போக."

"அந்த மணம்தான் தோர்த்தியா."

பிறகுதான் சொன்னார். அந்தச் சோளம் அரைக்க முன்னமே சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்தது. இன்னொரு தரம் வறுத்தால் மா ஒட்டாது. "எவ்வளவு வறுத்தாய்?" என்றார்.

"முழுக்க."

ரமோன் தலையில் கையை வைத்தார். பிறகு சிரிப்பை அடக்க ஏலாமல் சொன்னார்: "ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போய், இவள் வேலை செய்கிற கடையில் இரண்டு பெட்டி ரொட்டி வாங்கி வரட்டுமா?"

"அதை என் மேசையில் வைத்தால் உன்னையும் அந்தப் பெட்டியில் போட்டு அனுப்புவேன்" என்றார் லூப்பே.

பன்னிரண்டுக்குக் கடை திறக்க வேண்டும். வறுக்காத மா, தகரத்தில் ஒரு கிலோ மட்டும் கிடந்தது. வேண்டியது இரண்டு. லூப்பே ஏப்ரனைக் கட்டாமல் கையில் பிடித்தபடி நின்றார். வீட்டுக்குப் போ என்று சொல்லப் போகிறார் என்று விளங்கியது. நான் போகவில்லை. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

வறுத்த மா பச்சைத் தண்ணீரை ஏற்காது. கொதிதண்ணீர் வேண்டும். அது எனக்குத் தெரியும். ஒரு கிலோ வறுத்ததில் கொதிதண்ணீர் விட்டு, அகப்பைக் காம்பால் கிண்டி, மூடி வைத்தேன். கை பொறுக்கிற சூடு வந்ததும் பச்சை மாவைச் சேர்த்துப் பிசைந்தேன். முதல் பத்தும் கல்லில் உடைந்தன. ஈரத் துணியால் மூடி அரை மணித்தியாலம் விட்டேன். லூப்பே தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. அடுத்தது உடையவில்லை. அதற்கடுத்தது நடுவில் கொஞ்சம் பொங்கியது. லூப்பே பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"இது தோர்த்தியா என்று நான் சொல்ல மாட்டேன். தட்டு சொல்லட்டும்" என்றார். "சனிக்கிழமை மதியம் என் கையால் செய்தாலும் பத்துப் பன்னிரண்டு சாப்பிடாமல் திரும்பி வரும். இன்றைக்கு அதைவிடக் கூட வந்தால், நீ அடுத்த கிழமை வராதே."

"சரி" என்றேன்.

நூற்றைம்பது அமத்தினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. கை தன் பாட்டில் போக, ஒன்றை யோசித்தேன். நாலு வருடத்தில் எத்தனை ஆயிரம் பரிட்டோ சுருட்டியிருப்பேன். எல்லாம் வெள்ளித்தாளில் கதவைத் தாண்டிப் போனது. ரயிலில் தின்றார்களோ, பாதியில் எறிந்தார்களோ, ஒன்றும் தெரியாது. அங்கே எதுவும் திரும்பி வருவதில்லை. இங்கே நான் செய்தது ஒரு சுற்றுப் போய் என் முன்னாலேயே வந்து விழும். பயமாக இருந்தது. ஆனாலும் இந்தப் பயம் எனக்கு வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு மெக்சிக்கோக்காரர், கட்டட வேலைச் சப்பாத்துடன், குசினி வாசலுக்கு வந்து லூப்பேயிடம் ஏதோ கேட்டார். லூப்பே என்னைக் காட்டினார். அவர் என்னிடம் ஸ்பானிஷில் நீளமாகப் பேசினார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு ரமோன் சொன்னார், நீ மெக்சிக்கோவில் எந்த மாகாணம் என்று கேட்டாராம். நான் ஓம் என்று ஆட்டியிருக்கிறேன்.

மூன்று மணிக்குக் கடைசித் தட்டும் கழுவும் தொட்டிக்கு வந்தது. எனக்கு நாலு மணிக்கு ஸ்ட்ராத்ஃபீல்டில் ஷிஃப்ட். லூப்பேயின் ஏப்ரனுக்குள்ளே மற்றக் கடையின் டீசேர்ட்டோடுதான் காலையில் இருந்து நின்றிருந்தேன். கையில் சோள மா, மூக்கில் எங்கள் வீட்டு வறுத்த மா மணம். எந்தக் கடைக்காரி நான் என்று கேட்டால், அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ரயிலுக்குப் போகாமல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். லூப்பே கையைக் கட்டிக்கொண்டு மறுபக்கம் நின்றார். பிமலா கையுறையைக் கழற்றிவிட்டு, மிஞ்சியதை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார்.

"எண்ணட்டா, தீதி?" என்று என்னைக் கேட்டார். தீதி என்றால் அவருடைய பாஷையில் அக்கா.

"எண்ணு" என்றேன்.

ஒன்பது.