நீலம் பாய்ந்த கத்தி

கத்தி செய்யக் கற்றுக்கொள்கிறவன் செய்யக்கூடிய தப்புகளில் ஒன்றைக்கூட நான் பாக்கி வைத்ததில்லை. இரும்பைக் கடினமாக்கிய பிறகு பிடிக்கு ஓட்டை போடப் போய் நாலு டிரில் பிட்டை முறித்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் மரப்பிடியை ஒட்டி, ஒரே வாரத்தில் அது தனியாகக் கையோடு வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்த்து, நேராக வெட்டினாலும் கோணலாகவே போகும் கத்தி ஒன்றை என் மனைவிக்குக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டிச் சிரித்தாள். இதையெல்லாம் நானே நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பேன். இன்னொன்று இருக்கிறது. அதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதே தொழிற்சாலையில் உலைப் பிரிவில் ஒருவர் வேலை பார்த்தார். பிரேசர் டவுன்காரர், மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது பெரியவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இரும்பை எந்தச் சிவப்பில் உலையிலிருந்து எடுக்க வேண்டும், எப்போது எண்ணெயில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணிலேயே இருந்தது. சேர்ந்து கத்தி செய்யலாம் என்று ஆரம்பித்தது அவர்தான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை நான் வெட்டி உருவம் கொடுப்பேன். அவர் வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்த சின்ன உலையில் காய்ச்சி, இரும்பு கடினமாகும்படி பதம் ஏற்றித் தருவார். என் வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் நான் சாணை பிடித்து, பிடி போட்டு முடிப்பேன்.

எனக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவருக்கு அப்படியில்லை. உலை வேலையை வெளியே கொடுக்கப் போகிறார்கள், அவர் பிரிவையே மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அவருடைய அக்கா பிரேசர் டவுனில் கல்யாண விருந்துகளுக்குச் சமைப்பவர். அந்த வட்டாரத்துக் கறிக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் அக்காவின் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பார்கள். நாலு கத்தி செய்து கொடுங்கள், ஒரு கல்யாணத்துக்குக் கறி வெட்டிப் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் கடைக்காரர்களிடம் நானே சொல்கிறேன் என்றார் அக்கா. அண்ணா அதைத்தான் மலைபோல நம்பியிருந்தார்.

மூன்று கத்திகள் ஒழுங்காக முடிந்தன. எலும்போடு கறி வெட்டும் பெரிய கத்திக்குக் கடைசிச் சாணை மட்டும் மிச்சம். சனிக்கிழமை சர்ச்சில் ஒரு கல்யாணம், விருந்துக்கு அக்காதான் சமையல். வெள்ளிக்கிழமை காலையில் கத்தி அக்காவின் கையில் இருக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை ஆயுத பூஜை.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடக் கூடாது. முந்தின நாளே முடித்திருக்கலாம். ஆனால் தொழிற்சாலை பூஜைக்குக் காகிதத் தோரணம் கட்டுகிறேன் என்று அங்கே நின்று வாயடித்துக்கொண்டிருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மனைவி ஷெட்டையே கழுவி, கிரைண்டருக்கு விபூதிப் பட்டை போட்டு, கத்தியைச் சூடு தணிக்க முக்கும் தண்ணீர் வாளியையும் கவிழ்த்துக் கழுவி, பொட்டு வைத்து, அதன் கழுத்தில் சாமந்திச் சரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் பொரி கடலை கொடுக்கத் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். நான் ஷெட் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். சாமியைக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, கிரைண்டரைப் போட்டேன். விபூதியும் குங்குமமும் கலைந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். வாளியை மட்டும் தொடவில்லை. அந்தச் சரத்தை அவிழ்த்தால் அவள் கட்டியதுபோல என்னால் திரும்பக் கட்ட முடியாது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில் வேறு பாத்திரமே இல்லையா என்று கேட்டால், இருந்தது. குளியலறையில் ஒரு வாளி, அடுப்படியில் இரண்டு குண்டான். கடைசித் தேய்ப்புதானே, தண்ணீர் இல்லாமலே முடித்துவிடுவேன், என் கைக்குத் தெரியாத சூடா என்ற திமிர்.

சாணையில் தேய்க்கும்போது கத்தியின் வாய் மெல்லியதாக இருப்பதால் சட்டென்று சூடேறும். அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் நீலம். நீலம் வந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். எவ்வளவு கூராக்கினாலும் அது தகரம்தான். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அதை நான் பத்துப் பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அன்று என் கண் முன்னாலேயே கத்தியின் வாய் நெடுக மயில் கழுத்து நிறம் ஓடியது.

மெஷினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அப்போதே பஸ் பிடித்துப் போய் அண்ணாவிடம் சொல்லியிருந்தால், திட்டிக்கொண்டே உலையைப் பற்றவைத்து மறுபடி பதம் ஏற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் கிரைண்டிங்காரன் நீலம் விட்டான் என்ற பேச்சை என்னால் தாங்கியிருக்க முடியாது. உப்புத்தாளை எடுத்தேன். அரை மணி நேரத்தில் நீலம் போயிற்று, கத்தி வெள்ளி மாதிரி மின்னியது. நிறம்தான் போகும், போன பதம் திரும்பாது என்று தெரிந்தேதான் தேய்த்தேன். கிரைண்டரைத் துடைத்து, புதிதாகப் பொட்டு வைத்தேன். மனைவி வந்து வாளியைப் பார்த்தாள், பூ அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அக்கா எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னார். மேஜையில் அந்தக் கத்தி கிடந்தது. அதன் வாய் மடிந்து, அலை அலையாக நெளிந்திருந்தது.

"ரெண்டாவது ஆட்டுக்கே இப்படிப் போச்சு. பந்திக்கு நேரமாச்சுன்னு பக்கத்துக் கடையில ஓடிப் போயி கத்தி கேட்டு வாங்கினேன். எனக்கு எவ்ளோ அசிங்கமா போச்சு தெரியுமா? யாரு தப்பு இது?"

அண்ணா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சாணையில ஒண்ணும் தப்பில்ல அக்கா. பதம் சரியா ஏறல போல."

இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. அண்ணா என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து, கத்தியின் முதுகில் இழுத்தார். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கியது. பிறகு வாயில் இழுத்தார். கறகறவென்று கடித்துப் பொடி உதிர்ந்தது. முதுகு கடினமாக இருக்கிறது, வாய் மட்டும் மிருதுவாக இருக்கிறது. உலையில் தப்பு நடந்திருந்தால் முழுக் கத்தியும் மிருதுவாக இருந்திருக்கும். வாய் மட்டும் இளகினால் அது சாணைக்காரன் வேலை. அக்காவுக்கு அது புரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் புரியும்.

இப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. சொல்லட்டும் என்று காத்திருக்கிறவர்போலப் பார்த்தார். நான் மேஜை விரிப்பில் இருந்த பூ வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் தப்புதான் அக்கா," என்றார் அண்ணா. "ஆய்த்து, முடிஞ்சுபோச்சு, விடு."

அக்கா நேர்மையானவர். பிடிக்காத பொருளைத் தம்பிக்காகக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். கறிக்கடைக்காரர்கள் கேட்டபோது, அவனுக்குப் பதம் சரியாக வரவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் உலைப் பிரிவை மூடினார்கள். அண்ணா வேலையை விட்டுப் போன அன்று எல்லோருக்கும் கைகொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

ஆறேழு வருடம் கழித்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கேன்டீனுக்குக் கத்தி செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. எட்டுக் கத்திகளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார். நீலச் சட்டை, தொப்பி, நரைத்த மீசை. அண்ணா.

அவர் சாதாரணமாகப் பேசினார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். என் பெயரையும் எட்டுக் கத்தி என்பதையும் புத்தகத்தில் எழுதினார். கத்தியை என் கையிலிருந்து வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார், எப்போதும் அப்படித்தான் செய்வார். ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்து, வாய் ஓரத்தைக் கடைசிவரை பார்த்தார்.

"இப்பல்லாம் தண்ணியில முக்கி முக்கித்தானே தேய்க்கிற?"

"ஆமாண்ணா."

"நல்லாருக்கு. போ, பின்னால கேப் வண்டி நிக்குது."

விசிட்டர் அட்டையை என் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். வெளியே போகும்போது இங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

கேன்டீனில் கத்திகளைக் கொடுத்த பிறகு ஒரு டீ வாங்கிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். போகும்போது சொல்லிவிட வேண்டும், வாளியையும் பூவையும் உப்புத்தாளையும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது. எழுந்துபோய்க் கேன்டீன்காரரிடம், காய்கறி வண்டி போகிற பின்வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அட்டை கழுத்திலேயே தொங்குவதைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. அன்று ஷிப்ட் முடியும்போது ஓர் அட்டை குறைகிறதே, எங்கே என்று அவரைத்தான் கேட்டிருப்பார்கள். என் தப்புதான் என்று சொல்லியிருப்பார்.