அவளுக்குத் தெரியாத மொழி

நான் புதிய கணினி மொழிக்கு மாறியதற்கு ஆலைக்காரர்தான் காரணம். முள்ளியவளையில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். சண்டை முடிந்து மீள்குடியேறிய காலத்தில் அவருக்கு விஷுவல் பேசிக் என்ற பழைய மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். யார் எத்தனை மூடை நெல் கொண்டுவந்தார்கள், எவ்வளவு அரிசி ஏறிப்போனது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆலை மூலையில் தவிடு படிந்த கணினியில் அது ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் கிளிநொச்சியில் என் அலுவலகத்துக்கு வந்து கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தங்கச்சி, எல்லாரும் கணக்கை இதில பாக்கினம். நான் மட்டும் ஆலைக்கு ஓடிப்போய்த்தான் பாக்கோணுமோ?"

"பாக்கலாம் அண்ணை. ஆனா முழுக்கப் புதுசா எழுதோணும்."

"எழுதுங்கோ. ஆர் வேண்டாமெண்டது?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் மாதக்கணக்கில் சாக்குச் சொன்னேன். மின்சாரம் இல்லை என்றேன், காய்ச்சல் என்றேன், மழைக்கு இணைப்பு விழுந்துவிட்டது என்றேன். சாக்குச் சொல்வதில் நான் கெட்டிக்காரி.

உண்மைக் காரணம் வேறு. விஷுவல் பேசிக்கை நான் தனியாகப் படிக்கவில்லை. சண்டைக் காலத்தில் கிளிநொச்சியில் ஒரு கொட்டிலுக்குள் கணினி வகுப்பு நடந்தது. கணினிகள் குறைவு, ஜெனரேட்டருக்கு எண்ணெய் அதைவிடக் குறைவு. அதனால் ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஒருத்தி தட்ட வேண்டும், மற்றவள் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவள் ஸ்கந்தபுரத்துப் பெண். எனக்கு விரல் வேகம், அவளுக்கு மூளை வேகம். ஆகவே நான் தட்டினேன், அவள் சொன்னாள். பிறகு வேலை கிடைத்தபோதும் ஒரே மேசையில் அப்படித்தான் இருந்தோம்.

சொன்னாள் என்பது மரியாதைக்கு. உண்மையில் ஏசினாள். அந்த மொழியில் ஒரு வரி உண்டு. அதை மேலே எழுதிவிட்டால், பிழை வந்தாலும் நிரல் நிற்காது. கண்டும் காணாதது போல அடுத்த வரிக்குப் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அவளுக்கோ அதைக் கண்ணிலும் காட்டக்கூடாது.

"எடியே விசரி, பிழையை மூடி வைச்சிட்டு ஓடினா அது எங்கை போகும்? எடு அதை."

கடைசி இடப்பெயர்வில், சனமெல்லாம் கடற்கரைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தபோது, அவளையும் அவளுடைய அம்மாவையும் தெருவில் ஒருமுறை கண்டேன். அதற்குப் பிறகு அவளை நான் காணவில்லை. ஒருவரும் காணவில்லை. அம்மா மட்டும் முகாமுக்கு வந்துசேர்ந்தா.

மீள்குடியேறி, ஆலைக்கு அந்தப் பழைய நிரலை எழுத இருந்த முதல்நாள்தான் அவள் குரல் கேட்டது. பேய்க்கதை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கதவு தானாகத் திறக்கவில்லை, நாய் ஊளையிடவில்லை. நல்ல வெயில் நேரம். நான் வழக்கம்போல அந்த வரியைத் தட்டினேன். "எடு அதை" என்று இடது காதடியில் கேட்டது. எடுத்தேன். அன்றிலிருந்து அந்த மொழியில் எதை எழுதினாலும் அவள் பக்கத்தில் இருந்து பிழை பிடித்தாள். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் வைத்தியரிடம் அனுப்புவார்கள், இல்லாவிட்டால் கோயிலுக்குக் கொண்டுபோய் நூல் கட்டிவிடுவார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். எனக்கு அவள் வேண்டும்.

கடைசியில் ஆலைக்காரரின் ஆக்கினை தாங்காமல் புதிய மொழியைத் திறந்தேன். புது மாமியார் வீட்டுக்குப் போனது மாதிரி இருந்தது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறினால் குற்றம், வரி முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால் குற்றம். நான் நினைத்து முடிக்குமுன்னரே அடுத்த சொல்லைத் தானே நீட்டுகிறது. ஒரு பிழை விட்டேன். திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. காதடியில் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே இன்னும் மோசமான பிழை ஒன்றை விட்டுப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் விளங்கியது. இந்த மொழி அவளுக்குத் தெரியாது. இது உலகத்துக்கு வருமுன்னரே அவள் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உடனே பழைய நிரலைத் திறந்து ஒரு வரி தட்டினேன். அங்கே இருந்தாள். ஆனால் நாள் போகப் போக, புதியது என் விரலுக்குப் பழகப் பழக, பழையதைத் திறந்தாலும் அவள் பிந்தித்தான் வந்தாள். பிறகு சில நாட்கள் வரவே இல்லை. ஆலை வேலை முடியும்போது அவளும் முடிந்துவிடுவாள் என்று பயந்தேன். பாதி எழுதிய நிலையில் கையை எடுத்துவிட்டு, ஆலைக்காரருக்கு மறுபடியும் சாக்குச் சொல்லத் தொடங்கினேன்.

சனிக்கிழமைகளில் அவளுடைய அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றி ஸ்கந்தபுரத்தில் விடுவது என் வழக்கம். காணாமல் போனவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டகையில் படங்களோடு இருப்பார்கள். அவாவும் போய் இருப்பா. மகள் உயிரோடு இருக்கிறாள் என்பதில் அவாவுக்குச் சந்தேகமில்லை. இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அவா கேட்பது எப்போதும் என் வேலையைப் பற்றித்தான். மகள் வந்தால் என்னோடு சேர்ந்து அதே வேலையைத்தான் செய்வாள் என்று அவா முடிவு கட்டியிருக்கிறா.

அந்தச் சனிக்கிழமை குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டே கேட்டா.

"ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு? வேலை கூடவோ?"

"ஓம் அம்மா. பழசை விட்டிட்டுப் புதுசு ஒண்டு படிக்கிறன்."

"பழசெண்டால்? நீங்கள் ரெண்டு பேரும் படிச்சதோ?"

"ஓம்."

"அது இனி இல்லையோ?"

"இனி ஒருத்தரும் அதைக் கேக்க மாட்டினம் அம்மா."

அவா சீனிப் போத்தலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா.

"அப்ப அவள் வந்தா என்ன செய்வாள்?"

இத்தனை நாளும் என் காதைப் பற்றி மட்டுமே நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவாவின் முகத்தில் அப்போது கண்ட பயத்தை முகாமில்கூட நான் கண்டதில்லை. மகளுக்கென்று இந்த உலகத்தில் பிடித்து வைத்திருந்த ஒரே ஓர் இடமும் போகப்போகிறது என்ற பயம் அது.

"படிப்பாள் அம்மா. நான் சொல்லிக் குடுப்பன்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"எனக்கு ஆறு மாசமாகுது. இன்னும் முழுசா வரேல்லை."

"நீ கிடக்க. அவளுக்கு?"

யோசித்தேன். அரைப்புள்ளியை அவள் முதல்நாளே பிடித்துவிடுவாள். தானாகச் சொல் நீட்டுவதைக் கண்டு, தனக்குப் போட்டி வந்துவிட்டது என்று ஏசுவாள். சிவப்புக் கோடு அவளுக்குப் பிடிக்கும். பிழையை மூடிவைக்க விடாத ஒன்றைத்தானே அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசம் காணும் அம்மா."

அவாவின் முகம் தெளிந்தது. தேத்தண்ணியை ஆற்றி என் கையில் தந்தா.

"ரெண்டு மாசம்தானே, பறவாயில்லை. ஆனா பிள்ளை, வந்த உடனை அவளைப் பிடிச்சு வேலையில இருத்திப்போடாதை. முதல்ல கொஞ்சம் தேறட்டும்."

"ஓம் அம்மா" என்றேன்.

திரும்பி வரும் வழியில் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். ஒரு தாய்க்குப் பொய் சொன்னதற்காக அல்ல. இரண்டு மாதம் என்று நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு போதும்.