விட்பி என்றொரு குடும்பப் பெயர்

காணாமற்போனோரைத் தேடும் தொண்டு நிறுவனம் ஒன்றின் படிவத்தின் பின்பக்கத்தில் ஆறாவது குறிப்பு இப்படிச் சொன்னது: தேடப்படுபவர் எந்தெந்தப் பெயர்களால் அறியப்பட்டாரோ அவை அனைத்தையும் எழுத வேண்டும், எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. எங்கள் வீட்டில் அதை வாசித்த ஒரே ஆள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. இன்று அதுபோன்ற படிவங்களைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். அந்தக் குறிப்பில் ஒரு பிழையும் இல்லை என்று தொழில்முறையில் என்னால் உறுதி சொல்ல முடியும்.

2009 மே மாதம். இலங்கையில் போர் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒன்ராறியோவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில், தமிழர்கள் நிறைந்த எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் எவரும் எவருடனும் பேசவில்லை. அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, வன்னியில் இருந்தார். ஏப்ரலில் யாருடையதோ தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசியவர், பிறகு பேசவில்லை.

எனக்கு அதே மாதத்தில் இன்னொரு பொறுப்பும் இருந்தது. வகுப்பில் ஒவ்வொருவரும் தம் குடும்பப் பெயரின் வரலாற்றை எழுதிவர வேண்டும். எங்கள் குடும்பப் பெயர் விட்பி. பள்ளி தொடங்கிய நாளில் ஆசிரியை அந்தப் பெயரை வாசித்துவிட்டு, வகுப்பில் இருந்த ஒரேயொரு பொன்னிறத் தலையைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் கையை உயர்த்தியதும் பட்டியலை மறுபடி பார்த்தார்.

நூலகத்தில் தேடினேன். விட்பி என்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறை. ஐரோப்பாவின் வடக்கிலிருந்து கடல் கடந்து வந்த வடநாட்டார் வைத்த பெயர். அவர்கள் மொழியில் அதன் பின்பாதிக்குப் பண்ணை அல்லது குடியிருப்பு என்று பொருள். முன்பாதி வெள்ளை நிறம் என்கிறார்கள் சிலர், யாரோ ஒருவனின் பெயர் என்கிறார்கள் வேறு சிலர். அந்த ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் ஊர்ப்பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஊரிலேயே இருப்பவனை ஊர்ப்பெயரால் அடையாளம் காண முடியாது அல்லவா? போனவர்களில் சிலர் அமெரிக்கா சேர்ந்தார்கள். அங்கிருந்து ஒரு தர்மவான் யாழ்ப்பாணத்து மிசன் பள்ளி விடுதியில் ஒரு பையனுக்குச் சாப்பாட்டுச் செலவு அனுப்பினார். அனுப்பியவரின் பெயரைப் பையனுக்கு வைப்பது அந்நாளைய வழக்கம். அந்தப் பையன் என் அப்பாவின் கொள்ளுப்பாட்டன். இப்படியாக ஒரு வடநாட்டுப் பண்ணை நான்கு தலைமுறை சோறு தின்றுவிட்டு, ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தது. நெடுஞ்சாலையில் கிழக்கே அரை மணி நேரம் போனால், அதே பெயரில் ஓர் ஒன்ராறியோ ஊரும் இருந்தது.

"விட்பிக்கு ஒருக்கால் போவமே, அப்பா?"

"போய்? மாலையோட நிண்டு வரவேற்க அங்க ஆர் இருக்கினம்?"

சித்தப்பா அந்தப் பெயரை இருபது வயதிலேயே தூக்கிப் போட்டுவிட்டார். அந்நியனின் பண்ணையைப் பெயரில் வைத்துக்கொண்டு சொந்த நிலத்தைப் பற்றிப் பேச முடியாது என்று அப்பாவுக்கு எழுதினாராம். வன்னியில் இயக்கத்தின் அலுவலகம் ஒன்றில் காணிகளைப் பதிகிற எழுத்தர் வேலை. அங்கே அவருக்கு வேறு பெயர்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தோம். அப்பா சொல்லச் சொல்ல, கறுப்பு மையில், பெரிய எழுத்தில் நான் எழுதினேன். குடும்பப் பெயர்: விட்பி.

"வேற பேர் ஏதும் இருக்கோ எண்டு கேக்குது."

"இல்லை. விடு."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "இல்லையோ? அங்க ஆருக்கப்பா விட்பியைத் தெரியும்? உந்தப் பேரில தேடினால் வெள்ளைக்காரன்தான் கிடைப்பான்."

"நீர் பேசாம இரும்."

"நான் பேசாம இருந்தால் அவர் வந்திடுவாரோ? நிலவன் எண்டு போடச் சொல்லுங்கோ. ஆமி வச்சிருக்கிற முகாமில நிலவன் எண்டு கேட்டால் சின்னப்பிள்ளையும் கை காட்டும்."

"ஓம்," என்றார் அப்பா. "கை காட்டும்."

அம்மா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி வெங்காயத்தை எடுத்தார்.

"வெறுமையா விடக்கூடாதாம், அப்பா."

"உது எங்களுக்கில்லை, பிள்ளை. நீ கையெழுத்து எங்க வைக்கிறதெண்டு காட்டு."

குடும்பப் பெயரை உதறியதற்காகத் தம்பிமேல் அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்தேன். காணாமற்போன நேரத்திலும் இப்படி ஒரு வீம்பா என்று எனக்கு வருத்தமாகவும் இருந்தது. கடிதங்களைத் தபாற்பெட்டியில் போடுவது என் வேலை. மறுநாள் காலை, உறையை ஒட்டுவதற்கு முன், வெறுமையாக இருந்த கட்டத்தில் நிலவன் என்று எழுதினேன். மற்ற எழுத்துகளோடு பொருந்தும்படி கவனமாக எழுதினேன்.

மூன்று மாதத்தில் ஒரு கோப்பு எண் வந்தது. கோப்பு எண் கிடைத்தால் பாதி ஆள் கிடைத்த மாதிரி என்று அன்று நம்பினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மா தினமும் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்தார். அப்பாவோ பதில் வராதது பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. யாராவது விசாரித்தால், "விட்பியை அவங்கள் எங்க தேடிப் பிடிக்கிறது?" என்று சிரித்தார். அடுத்த கோடையில் எங்களை விட்பிக்கே கூட்டிப்போனார். ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, "உன்ர சித்தப்பா வரட்டும், இஞ்ச கொண்டுவந்து நிப்பாட்டுவம். எங்களை விடமாட்டான், பகிடி பண்ணியே கொல்லுவான்," என்றார். அந்தச் சிரிப்புக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

பதில் வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. நான்தான் உரக்க வாசித்துத் தமிழில் சொன்னேன். விட்பி என்ற பெயரிலோ நிலவன் என்ற பெயரிலோ எவரும் எந்தப் பதிவிலும் இல்லை. விண்ணப்பத்தில் தரப்பட்ட இரண்டு பெயர்களும் விசாரணைக்காக, கோப்பு திறந்த அன்றே, இலங்கை அரசின் உரிய அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தன.

"நிலவன் எண்டு ஆர் எழுதினது?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"ஆறாவது குறிப்பில அப்பிடித்தான் இருக்கு," என்றேன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும்.

அப்பா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அதனால் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் வெறுமையாக விடச் சொன்னது ஒரு மனிதர் ஒளிந்திருக்கக்கூடிய ஒரே இடத்தை என்பது எனக்குத் தெரியவில்லை. அப்பா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது; மேல்மூலையில் இருந்த திகதியை மட்டும் பார்த்து, கோப்பு திறந்து எத்தனை மாதம் என்று விரல் மடித்து எண்ணினார். 2011 மார்ச் 9.