பம்ப் கிணற்றின் விளிம்பில் எலோடியா

எலோடியா பள்ளிப் படிப்பை முடித்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. எங்கள் ஊர் கொச்சபம்பா பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதற்கு மூன்று வருடம் முன்னால் நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. கழிவுநீர் நிலையத்தை இயக்குபவர் இனிமேல் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், ஆறு மாதப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும், மஞ்சள் காமாலைக்கும் ரணஜன்னிக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும், ஐம்பது கிலோ சுண்ணாம்பு மூட்டையைத் தூக்க முடிந்தவராக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மூட்டை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை சுமந்தவள். படிப்புதான் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது.

அவள் கணவன் சிப்ரியான் பத்து வருடமாக அங்கே கூலியாள். கம்பிச் சல்லடையில் சிக்கும் துணியையும் முடியையும் வாரிப்போடுவது அவன் வேலை. அவன் தம்பி ரூபினோவும் அங்கேதான். நான் அங்கே தண்ணீரைப் பரிசோதிப்பவள். அண்ணனும் தம்பியும் அறிவிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். எலோடியா மட்டும் அதை மடித்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு போனாள். முதியோர் பள்ளியில் மூன்று வருடம், பிறகு நகரத்தில் ஆறு மாதம். தேர்வில் எழுபது பேரில் நான்காவதாக வந்தாள்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க!" வேலைக்கு வந்த முதல் நாளே சிப்ரியான் கத்தினான். "ஊரு பூராவும் காலையில உக்கார்றதை இவதான் இனிமே படிச்சுப் பாத்து மார்க்கு போடுவா."

"உனக்குப் பூஜ்யம்தான்," என்றாள் எலோடியா. "போய்ச் சல்லடையைப் பாரு."

கணவனுக்கு மேலதிகாரியாகிவிட்டாள் என்று ஊர் வாயில் போட்டு மென்றது. சிப்ரியானுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். மதியம் வேகவைத்த சோளத்தையும் பாலாடைக்கட்டியையும் அவளுக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வேலை லேசானதில்லை. பன்னிரண்டு மணி நேர முறை. எத்தனை சோப்புப் போட்டாலும் தலைமுடியிலிருந்து வாடை போகாது. மினிபஸ்ஸில் எங்கள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். கையுறை கிழிந்தால் அடுத்த ஜோடி வர இரண்டு மாதம் ஆகும். இதையெல்லாம் எலோடியா பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுக்காதது வாயு மீட்டர் ஒன்றைத்தான். ஊர்க் கழிவுநீர் வந்து சேரும் பம்ப் கிணற்றுக்குள் இறங்குமுன் காற்றில் விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் சின்னக் கருவி அது. நவம்பரில் கெட்டுப்போனது. மூன்று கடிதம் எழுதினாள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பார்க்கலாம் என்று ஒரே ஒரு பதில் வந்தது.

அது வரும்வரை பம்ப் கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று அவள் கதவில் எழுதி ஒட்டினாள்.

கார்னிவல் திருவிழா முடிந்த திங்கட்கிழமை. மூன்று நாளாக ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் பலூன் எறிந்து விளையாடியிருந்தது. அந்த ரப்பரும் வண்ணக் காகிதச் சுருளும் சாக்கடையோடு வந்து பம்பை அடைத்துவிட்டன. காலை பத்து மணிக்குப் பம்ப் நின்றது. அரை மணியில் சந்தைத் தெருவில் கழிவுநீர் மேலே பொங்கியது.

"இறங்கி எடுத்துர்றேன், ரெண்டே நிமிஷம்," என்றான் சிப்ரியான்.

"கூடாது. தீயணைப்புக்காரங்ககிட்ட மூச்சுக் கருவி இருக்கு. நான் போன் பண்றேன். அவங்க வந்தப்புறம்தான்."

"சந்தையில ஜனங்க மேயரைத் திட்டுறாங்களாம். ஆபீஸ்ல இருந்து மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"திட்டட்டும். முட்டை அழுகின வாடை இருந்துச்சே, இப்ப வருதா உனக்கு?"

"இல்லையே. போயிருச்சு."

"போகலை. வாயு அதிகமானா மூக்கு செத்துரும். தள்ளி நில்லு."

அவள் போன் இருந்த அறைக்குப் போனாள். தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு வைத்ததுமே நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, அவளைப் பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. நான் பரிசோதனை அறையில் இருந்தேன். ரூபினோவின் அலறல் கேட்டு ஓடிவந்தேன். கிணற்று மூடி திறந்து கிடந்தது. ஆறு மீட்டர் கீழே, ஏணியின் அடியில் சிப்ரியான் மடங்கிக் கிடந்தான். கையில் கொக்கி இருந்தது. பாதிப் பலூன்களை வெளியே இழுத்துவிட்டிருந்தான்.

ரூபினோ ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். அப்போதுதான் எலோடியா வந்தாள். ஒரு கணம் கீழே பார்த்தாள். அடுத்த கணம் ரூபினோவின் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்த்தாள். இரண்டு பேரும் சிமெண்டில் விழுந்தார்கள்.

"விடுங்க அண்ணி! அண்ணன் உள்ள கிடக்கான்!"

"விட மாட்டேன்."

"உங்க புருஷன்! உங்க புருஷன் அங்க!"

"தெரியும்டா. நீ இறங்குனா நீயும் வரமாட்டே." பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஊதுவிசிறியைப் போடு! குழாயைக் கீழ விடு! அவங்களை மறுபடி கூப்பிடு!"

விசிறியைப் போட்டேன். தீயணைப்புக்குப் பேசினேன். நீளக் கொக்கியை எடுத்துச் சிப்ரியானின் சட்டையில் மாட்டப் பார்த்தேன். எட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் ரூபினோ அவள் முகத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தான். அவள் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தாள். நான் போய் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தேன்.

"கை அசையுது! பாருங்க, கை அசையுது!" என்று அவன் கதறினான்.

எலோடியா தலையைத் தூக்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து வண்டி வந்தது. முகமூடி போட்ட இருவர் இறங்கிச் சிப்ரியானை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. எலோடியாவின் விரல்களை ரூபினோவின் காலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

துக்க வீட்டில் எல்லாரும் எடுத்து மெல்லும் கோகா இலைத் தட்டு சுற்றிவந்தது. எலோடியா கறுப்புச் சால்வையில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றாள்.

"உனக்குச் சர்டிபிகேட் இருக்கு. என் மகனுக்கு என்ன இருந்துச்சு? நீ படிச்சதெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கத்தானா?"

யாரும் எலோடியாவுக்காகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

விசாரணை நடந்தது. எலோடியா விதிப்படி சரியாக நடந்தாள், இல்லையென்றால் இறப்பு இரண்டாகவோ மூன்றாகவோ ஆகியிருக்கும் என்று எழுதினார்கள். மீட்டர் இல்லாததற்கு யார் பொறுப்பு என்று எழுதவில்லை. மூன்றாவது வாரம் புது மீட்டர் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, மின்கலம் போட்டு, அது வேலை செய்கிறதா என்று அவள்தான் சோதித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரூபினோ குப்பை வண்டிக்கு மாற்றிக்கொண்டு போனான். தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். எலோடியா வேலையை விடவில்லை. "எங்க போக? எனக்குத் தெரிஞ்சது இதுதான்," என்றாள். தொட்டியில் நுரை கறுத்தால் காற்றைக் கூட்டுவாள், சகதி மிதந்தால் குறைப்பாள். ஆற்றில் விடும் தண்ணீர் அவள் முறையில் எப்போதும் தெளிவாக இருக்கும்.

ஒரு மதியம், சோளம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"நீ உள்ள பாத்தியே. அவன் கை அசைஞ்சுதா?"

"இல்ல."

"உண்மையைச் சொல்லு."

"விசிறிக் காத்துல சட்டை ஆடுச்சு. அவ்வளவுதான்."

அவள் குனிந்து சோளத்தை உரித்தாள். நான் பார்த்தது என்ன என்று அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இறந்தவர்களுக்கு மூன்று வருடம், நவம்பர் முதல் நாள், அவர்களுக்குப் பிடித்ததைப் படைத்து மேசை போடுவோம். முதல் வருடம் எலோடியா குழந்தை வடிவ ரொட்டிகள் சுட்டு, சிப்ரியானுக்குப் பிடித்த நிலக்கடலைச் சூப்பும் சோளக் கள்ளும் வைத்தாள். அவன் வீட்டார் யாரும் வரவில்லை. பிரார்த்தனை சொல்லி ரொட்டி வாங்கிப்போகும் அக்கம்பக்கத்தாரும் வாசலோடு நின்றார்கள். இரண்டாம் வருடமும் அப்படித்தான். மிஞ்சிய ரொட்டியை நானும் அவளும் ஒரு வாரம் தின்றோம்.

மூன்றாம் வருடம், கடைசி மேசை. மாலை ஐந்து மணி இருக்கும். வாசலில் ரூபினோவின் மனைவி நேலி நின்றாள். முதுகில் துணியில் கட்டிய ஒரு பெண்குழந்தை, ஒன்றரை வயது.

"அவருக்குத் தெரியாது நான் வந்தது," என்றாள்.

"உள்ள வா."

நேலி முழந்தாளிட்டுப் பிரார்த்தனை சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். எலோடியா குழந்தையை மடியில் வாங்கி, சூப்பை ஊதி ஊதி ஊட்டினாள். குழந்தை அவள் உதட்டில் இருந்த தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தது.

"அவர் ராத்திரி தூங்குறதில்ல அக்கா," என்றாள் நேலி. "உங்களைத் திட்டிக்கிட்டே இருப்பாரு. அப்புறம் இவளைத் தூக்கி வெச்சுக்கிட்டு அழுவாரு."

"அழட்டும்," என்றாள் எலோடியா. "இவளுக்கு இன்னும் கொஞ்சம் சூப்பு வேணும்போல இருக்கே."

இருட்டுமுன் நேலி கிளம்பினாள். ரூபினோவுக்கென்று எலோடியா நான்கு ரொட்டிகளைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். நேலி தயங்கினாள். பிறகு வாங்கிக்கொண்டு, ஆள் நடமாட்டமுள்ள சந்தைத் தெரு வழியாகப் போகாமல், ஆற்றோரப் பாதையில் இறங்கி நடந்தாள்.